கண்ணால் கண்டவர் வராவிட்டால் விபத்து இழப்பீடு கிடைக்காதா?

கேள்வி: சென்னை அசோக் நகர் 100 அடி சாலையில் என் தம்பி இருசக்கர வாகனத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து சாலைத் தடுப்பின் இடைவெளி வழியாக யூ-டர்ன் எடுத்த கார் இடித்ததில் அவனுக்கு வலது காலில் எலும்பு முறிவு. 'பையன்தான் வேகமாக வந்து மோதினான்' என்கிறார் கார்க்காரர். மருத்துவமனைப் பதிவில் 'வண்டியிலிருந்து விழுந்ததாக' என்றுதான் இருக்கிறது. சம்பவத்தைப் பார்த்தவர் ஓர் இளநீர்க்கார அம்மா. போலீஸ், கோர்ட்டு என்றாலே ஒதுங்குகிறார். தம்பியைத் தூக்கிப் போன ஆட்டோ ஓட்டுநரின் கைபேசி எண் இருக்கிறது. தம்பியின் நண்பன், தானும் அங்கே இருந்ததாகச் சாட்சி சொல்கிறேன் என்கிறான். நேரில் பார்த்த சாட்சி இல்லாமல் இழப்பீடு கிடைக்குமா?

பதில்:

கிடைக்கும். நேரில் பார்த்தவர் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்த வழக்கு விழுந்துவிடாது. உங்கள் தம்பி நினைவோடு இருக்கிறார், நடந்ததைச் சொல்லக்கூடியவர். அவரே முதல் சாட்சி. மனுதாரர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்புக் குறைவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும், இந்த வழக்குகள் நடக்கும் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். 'பி.டபிள்யூ. 1', அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சி, என்று கூண்டேறுகிறவர் கையில் ஊன்றுகோலோ காலில் தழும்போ இருக்கும்.

ஆனால் உங்கள் வழக்கில் கார்க்காரர் எதிர்க்கதை சொல்லத் தொடங்கிவிட்டார். அதனால் இளநீர்க்கார அம்மாவும் ஆட்டோ ஓட்டுநரும் உங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள். நண்பன் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நான் சில காலம் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாதாடிவிட்டு, பிறகு காயம்பட்டவர்கள் பக்கம் வந்தவன். சாட்சியை எந்த இடத்தில் பிடிப்பார்கள் என்பது அந்தப் பக்கம் நின்றபோது கற்றது.

சாட்சி எதற்கு என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இழப்பீட்டு வழக்கில் கேள்விகள் இரண்டு: தவறு யாருடையது, தொகை எவ்வளவு. நேரில் பார்த்தவர் முதல் கேள்விக்கு மட்டுமே உதவுவார். இரண்டாவதற்கு மருத்துவர், ஊனச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீது ஆகியவைதான் பேசும். 'தம்பி படும் பாட்டை நான் கண்ணால் பார்க்கிறேன்' என்று சொல்ல உறவினர்கள் நாலு பேரை வரிசையாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிபதி பொறுமையாகக் கேட்பார், தீர்ப்பில் அவர்கள் பெயரே வராது.

தவறு யாருடையது என்பதை நிரூபிக்கத் தேவையில்லாத வழி ஒன்றும் சட்டத்தில் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, யார் தவறு என்று பார்க்காமல் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம்தான். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ஆவது பிரிவின் கீழ் முழு இழப்பீடு கேட்கும் மனு காலாவதியாகிவிடும். கம்பி வைத்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல், நிரந்தர ஊனமும் ஓரளவு மிஞ்சக்கூடிய கால் முறிவுக்கு 2.5 லட்சம் குறைவு என்பது என் கருத்து. ஒரு சாட்சியும் இல்லை, காரின் எண்ணைத் தவிர வேறு ஆவணமும் இல்லை என்றால்தான் அந்த வழியைச் சிபாரிசு செய்வேன். உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை.

166-இன் கீழ் போனால் எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும்? குற்ற வழக்கில் கேட்பதுபோல் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. இரண்டு கதைகளில் எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது என்பதே அளவுகோல். ஹிமாச்சல் சாலைப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2019-இல் ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில், பைக்கின் பின்னிருக்கையில் இருந்தவரையே சாட்சியாக விசாரிக்கவில்லை என்ற குறையை எதிர்த்தரப்பு பெரிதாக்கியது. அந்த ஒரு குறைக்காக மனு சாகாது என்றது உச்ச நீதிமன்றம். 1977-இல் வந்த வேறொரு வழக்கில், கார் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியிருந்தது. நல்லபடி ஓட்டினால் கார் மரத்தில் போய் மோதாது, ஆகவே தன் மேல் தவறில்லை என்பதை ஓட்டியவர் தரப்புதான் விளக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்றும் உண்டு. என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவனத்தின் பேருந்து இருட்டிய பிறகு தாழ்வாகத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் உரசி, 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானார். அதைக் காட்டி இழப்பீட்டையும் மறுக்கப் பார்த்தது நிறுவனம். 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. தண்டிப்பதற்குத் தேவையான கவனக்குறைவு வேறு, இழப்பீட்டுக்குத் தேவையான கவனக்குறைவு வேறு என்பது அன்று முதல் அசையாத நிலை. ஆகவே எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ நடக்கும் குற்ற வழக்கில் கார்க்காரர் நாளை விடுதலையானாலும் நீங்கள் இடிந்துபோக வேண்டாம். மாறாக, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால், அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே வாங்கி வையுங்கள். சின்ன அபராதம்தானே என்று பல ஓட்டுநர்கள் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் அவர்களுக்கு எதிராக நிற்கும்.

இவ்வளவு சாதகம் இருக்கும்போது சாட்சிக்கு ஏன் அலைய வேண்டும்? உங்கள் விபத்தின் வடிவம் அப்படி. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து யூ-டர்ன் எடுத்த கார் என்றால் அதன் இடது பக்கம்தான் உங்கள் தம்பி வந்த திசையைப் பார்த்திருக்கும். பெரும்பாலும் காரின் இடது முன் சக்கரத்துக்கு மேலோ இடது கதவிலோ பள்ளம், பைக்கின் முன்பக்கம் நொறுங்கல் என்று பதிவாகியிருக்கும். இந்தச் சேதத்தை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பைக் அருகே வந்துவிட்ட பிறகு கார் குறுக்கே பாய்ந்தது என்று நாம் படிப்போம். கார் ஏற்கெனவே பாதி திரும்பி நின்றுவிட்டது, தூரத்திலிருந்தே பார்த்திருக்கக்கூடிய பைக்காரர் பிரேக் பிடிக்காமல் வந்து கதவில் இடித்தார் என்று காப்பீட்டு நிறுவனம் படிக்கும். தகடு நசுங்கிய இடத்தை உலோகம் சொல்லும். எது முதலில் நடந்தது, இடையில் எத்தனை நொடி இருந்தது என்பதை அது சொல்லாது. அதை அங்கே நின்று பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

இந்த வரிசைதான் பணமாக மாறும் இடமும். மொத்த இழப்பீடு 10 லட்சம் என்று தீர்மானித்துவிட்டு, 'பைக்காரரும் வேகமாக வந்திருக்கிறார், அவர் பங்கு 30 சதவீதம்' என்று இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் எழுதினால் கைக்கு வருவது 7 லட்சம். முழுத் தள்ளுபடியை விட இந்தப் பாதித் தோல்வியைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பின்னிருக்கையில் யாராவது இருந்து அவருக்கும் அடிபட்டிருந்தால் இந்தக் கழிவு அவரைத் தொடாது. இரு வண்டிக்காரர்களின் தவறும் அவருடையதல்ல என்பதால் அவர் முழுத் தொகையையும் எவரிடமிருந்தும் கேட்கலாம். உங்கள் தம்பி தனியாக வந்தார், ஓட்டியதும் அவரே. அதனால் கழிவு அவர் தலையில்தான் விழும்.

இனி, நேரில் பார்த்தவர் என்று யாரைச் சொல்வது? கூட்டத்தில் நின்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள். அவர்கள் பார்த்தது விபத்து முடிந்த காட்சி. கார் குறுக்கே நிற்கிறது, பைக் கிடக்கிறது, ஆள் கிடக்கிறார். மற்றதை மனம் பின்னிருந்து முன்னாகக் கட்டிக்கொள்கிறது. அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, தாங்களே பார்த்ததாக நம்பிவிடுகிறார்கள். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் அமெரிக்க மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, வேகத்தைப் பற்றி வெவ்வேறு சொற்களில் கேள்வி கேட்டார்கள். 'நொறுங்க மோதியபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணமாக 'இடித்தபோது' என்று கேட்கப்பட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஆகவே இளநீர்க்கார அம்மாவிடம் போய், 'அந்தக் கார் பயங்கர வேகமாக வந்து அடித்ததைப் பார்த்தீர்கள்தானே?' என்று நீங்கள் ஆரம்பித்தால், நல்ல சாட்சியை நீங்களே கெடுக்கிறீர்கள். 'அன்று என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

சத்தம் கேட்டுத் திரும்பியவர் பயனற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. எந்த வண்டி எங்கே நின்றது, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது யார், இறங்கியவுடன் என்ன சொன்னார், காரின் எண் என்ன என்பதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 'கவனிக்கவில்லை சார், மன்னித்துவிடுங்கள்' என்று அந்த நேரத்தில் கார்க்காரர் சொன்னது ஒருவர் காதில் விழுந்திருந்தால் அது பெரிய விஷயம். அவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும், பார்க்காததைச் சேர்க்க வேண்டாம். அவ்வளவுதான்.

இளநீர்க்கார அம்மாவின் பலம் அவர் இருப்பிடம். தினமும் அதே இடத்தில் கடை போடுகிறவர், அந்தத் தடுப்பு இடைவெளியைப் பார்த்தபடி உட்காருகிறவர். அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்ததற்கு ஒரு காரணமும் தேடித் தர வேண்டியதில்லை. இப்படி இயல்பாக அங்கே இருக்க வேண்டியவரை, பேருந்து நிறுத்தத்துப் பூக்காரர், ஆட்டோ நிறுத்தத்து ஓட்டுநர், அடுக்குமாடி வாசல் காவலாளி ஆகியோரை, அசைப்பது கடினம். 'அந்த நேரத்தில் அங்கே உங்களுக்கு என்ன வேலை?' என்ற காப்பீட்டு வழக்கறிஞரின் முதல் அம்பு அவர்கள் மேல் பாயாது.

அடுத்த அம்பு காகிதத்திலிருந்து வரும். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், நம் ஊர்ப் பேச்சில் 'ஏ.ஆர். காப்பி', இந்த வழக்குகளில் முதலில் புரட்டப்படும் தாள். நள்ளிரவிலோ நெரிசல் நேரத்திலோ பணி மருத்துவர் 'எப்படி ஆச்சு?' என்று கேட்பார். கூட வந்தவர் 'வண்டியில போறப்ப விழுந்துட்டார்' என்பார். அதுவே எழுதப்படும். மருத்துவருக்கு வேண்டியது காயத்தின் தன்மை, யார் மீது தவறு என்பதல்ல. பிறகு அந்த ஒற்றை வரியை வைத்து 'தானாக வழுக்கி விழுந்தவர், காரே சம்பந்தப்படவில்லை' என்று எதிர்மனு தாக்கலாகும். உங்கள் வழக்கில் அந்த வரிக்கு மருந்து ஆட்டோ ஓட்டுநர்தான். அவர்தான் மருத்துவரிடம் பேசியவர். தான் என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார், வரும்போது கார் எங்கே நின்றது என்பதை அவர் வந்து சொன்னால் அந்த வரியின் விஷம் இறங்கிவிடும்.

காப்பாற்றப் போனவர் சாட்சியாக வரும்போது எழுப்பப்படும் ஆட்சேபம் ஒன்று உண்டு: 'நீங்களாகப் போய் போலீசில் ஏன் சொல்லவில்லை?' 2020-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அதே நேரத்தில் காவல் நிலையத்துக்கும் போயிருக்க முடியாது, அதற்காக அவரை நம்ப மறுப்பது தவறு என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றியது. உங்கள் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கட்டும்.

ஆட்டோ ஓட்டுநர்களும் கடைக்காரர்களும் ஒதுங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்தால் ஒரு நாள் சம்பாத்தியம் போச்சு. அவர்களிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் விதிகளும் வந்தன. பெயர், முகவரி சொல்லும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவராக விரும்பிச் சாட்சியாக ஒப்புக்கொண்டால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், வீட்டிலோ கடையிலோ, சீருடை அணியாத அதிகாரி வந்து விசாரிக்க வேண்டும். அவரே நிலையத்துக்கு வர விரும்பினால், நியாயமான நேரத்துக்குள் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். இளநீர்க்கார அம்மா உதவிக்கு ஓடியவரோ இல்லையோ, பெண் என்பதால் அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விசாரணைக்கு வரும்படி காவல் துறை கட்டாயப்படுத்த முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்த இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தின் 179-ஆவது பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் அப்படியே. நடைமுறையில் போன் போட்டு 'ஸ்டேஷன் வந்துட்டுப் போங்க' என்பார்கள்தான். விதியைத் தெரிந்த ஒருவர் பணிவாக நினைவூட்டினால் பெரும்பாலும் ஆள் நேரில் வருவார்.

காவல் துறைத் தாள்களின் முக்கியத்துவத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். சென்னையில் இத்தகைய வழக்கைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கும். முதல் தகவல் அறிக்கை யார் கொடுத்த புகாரின் மேல் பதிவாகியிருக்கிறது, அதில் என்ன கதை இருக்கிறது என்று இன்றே படியுங்கள். சில இடங்களில் கார்க்காரரே முந்திக்கொண்டு தகவல் கொடுத்து, அடிபட்டவர் மேலேயே வழக்கு விழுந்திருக்கும். அந்த அறிக்கையை யோசிக்காமல் நம் ஆவணமாகத் தாக்கல் செய்துவிட்டு, 'அதில் இருக்கும் அந்த வரி மட்டும் தப்பு' என்று பிறகு சொல்ல முடியாது. நாமே நம்பித் தாக்கல் செய்த ஆவணத்தை முழுவதுமாகப் பார்க்கலாம் என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பியின் வாக்குமூலம் இன்னும் பதிவாகவில்லை என்றால், பதிவு செய்யும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள். பார்த்தவர்களின் பெயரும் எண்ணும், அவர்கள் சம்மதித்தால் மட்டும், அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

2022-இன் மத்திய விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். சாட்சியின் பெயர் இந்த அறிக்கைகளிலும், பிறகு குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலிலும் ஏறியிருந்தால், இரண்டு ஆண்டு கழித்து அவர் கூண்டில் நிற்கும்போது 'நேற்று முளைத்த சாட்சி' என்ற பேச்சுக்கு இடமே இருக்காது. பெயர் இல்லாவிட்டால் அவரை விசாரிக்கவே கூடாது என்பதில்லை. தீர்ப்பாயம் ஏற்கலாம். ஆனால் அவர் அங்கே இருந்ததை வேறு வழியில் காட்டும் சுமை நம்மேல் ஏறும்.

உங்கள் தம்பியின் நண்பன் விஷயம் இங்கேதான் வருகிறது. அவன் நல்ல எண்ணத்தில் சொல்கிறான், தெரியும். முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயர் இல்லை. மருத்துவமனையில் அவன் கையெழுத்து இல்லை. கண்ணெதிரே நண்பன் கால் உடைந்து கிடக்க, தூக்கிப் போனது முன்பின் தெரியாத ஆட்டோக்காரர். இந்த மூன்றையும் வைத்து நான் பத்து நிமிடத்தில் அவனை உடைத்திருப்பேன். 'அன்று நீ எந்த அலுவலகத்தில் வேலை? வருகைப் பதிவேட்டை வரவழைக்கலாமா? உன் கைபேசி அப்போது எந்தக் கோபுரத்தில் இருந்தது?' இவை போதும். அவன் உடைந்தால் அவனோடு முடியாது. பொய்ச் சாட்சி ஒன்றை நிறுத்திய மனுதாரர் சொன்ன உண்மையையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். இளநீர்க்கார அம்மாவின் உண்மையும் அதில் அடித்துக்கொண்டு போகும். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொல்வது 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள். விபத்து இழப்பீட்டில் போலி வழக்குகள் நிறையப் பிடிபட்ட பிறகு, காப்பீட்டு நிறுவனங்கள் தனிப் புலனாய்வாளர்களை வைத்து ஒவ்வொரு சாட்சியின் வீட்டுக்கும் போகின்றன.

அந்தப் புலனாய்வாளர் இளநீர்க் கடைக்கும் வருவார். மரியாதையாகப் பேசி, தட்டச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார். படித்துப் புரியாத மொழியில் எழுதியிருக்கும் எதிலும், வெற்றுத் தாளிலும், கையெழுத்துப் போட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது சாட்சியைக் கலைப்பதல்ல. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் கலைப்பது.

பணம் கொடுக்காதீர்கள். பரிதாபப்பட்டுக் கொடுக்கும் 500 ரூபாய்கூட வேண்டாம். 'மனுதாரர் வீட்டில் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?' என்பது எல்லா வழக்கிலும் கேட்கப்படும் கேள்வி. 'ஒன்றும் இல்லை' என்று அவர் நிமிர்ந்து சொல்ல முடிய வேண்டும். நீதிமன்றம் மூலமாகச் சம்மன் அனுப்பச் சொல்லி, சாட்சிப் படியையும் அங்கேயே கட்டிவிடுங்கள். அப்போது 'யார் அழைத்து வந்தார்?' என்ற கேள்விக்கும் 'கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது' என்று அவர் சொல்லலாம். ஒரு நாள் வியாபாரம் போகும் சங்கடத்துக்கு, வழக்கறிஞரிடம் பேசி அவருடைய விசாரணையை ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகிவிடும், அன்றே குறுக்கு விசாரணையும் முடிந்தால் அவர் வேலை தீர்ந்தது. வர இயலாத அளவுக்கு வயதோ நோயோ இருந்தால் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லி வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யவும் வழி உண்டு. அந்தப் பிரமாணப் பத்திரம் தமிழில் இருக்கட்டும், கையெழுத்துக்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டப்படட்டும். தான் சொல்லாத சொற்கள் நிறைந்த ஆங்கிலப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் விழிக்கும் சாட்சிகளை அந்தக் கூண்டில் நிறையப் பார்த்தாயிற்று. தவறு அவர்களுடையதல்ல, அவசரத்தில் பத்திரம் தயாரித்தவர்களுடையது.

குறுக்கு விசாரணையில் அவரிடம் வேகம் கேட்பார்கள். 'கார் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது?' 'தெரியாது' என்பதே சரியான பதில். இளநீர் சீவிக்கொண்டிருந்தவர் 'எண்பது' என்று சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். 'வியாபாரத்தைப் பார்த்தீர்களா, சாலையைப் பார்த்தீர்களா?' என்று அடுத்தது வரும். 'ஆள் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்' என்றோ, 'இளநீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன், அப்போது கார் திரும்பியது' என்றோ, எது உண்மையோ அது போதும். உண்மையான சாட்சி சில இடங்களில் 'கவனிக்கவில்லை' என்று சொல்வார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவரைத்தான் நீதிபதிகள் சந்தேகிப்பார்கள்.

கண்காணிப்புக் கேமரா இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கேமராப் பதிவு கிடைத்தால் மிகவும் நல்லது. காவல் துறையின் 'மூன்றாவது கண்' திட்டத்துக்குப் பிறகு நகரத்தில் கேமராவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைகளின் கேமராப் பெட்டி பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதும். சில வாரங்களில் உங்கள் நாள் காணாமல் போய்விடும். இன்றே கடைக்காரரிடம் கேளுங்கள், விசாரணை அதிகாரியிடமும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். கைபேசியில் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டது மட்டும் போதாது. பதிவை எடுத்தவர் யார், எந்தக் கருவியிலிருந்து எடுத்தார் என்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழோடு வந்தால்தான் அது ஆவணமாகும். அப்படியே கிடைத்தாலும், மரக்கிளை மறைத்த பாதித் திரையில் கார் நுழைவது தெரியும், பைக் தெரியாது. அப்போது அந்தப் படத்தின் மீதிப் பாதியை நிரப்ப மறுபடியும் இளநீர்க் கடைக்குத்தான் போக வேண்டும்.

கார்க்காரர் சாட்சி சொல்ல வருவாரா என்பதையும் கவனியுங்கள். வாகனக் காப்பீடு இருப்பதால் உரிமையாளர்கள் பல வழக்குகளில் ஆஜராகவே மாட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் 170-ஆவது பிரிவின் கீழ் அனுமதி பெற்று உரிமையாளரின் எதிர்வாதங்களையும் தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் வண்டி ஓட்டியவரைக் கூண்டேற்றாமல், 'பைக்காரர்தான் மோதினார்' என்று வாதம் மட்டும் செய்தால் அது வெறும் வாதம்தான். உங்கள் தம்பியும் ஒரு பொதுச் சாட்சியும் சத்தியம் செய்து சொன்னதற்கு எதிராகச் சத்தியம் செய்த சொல் ஒன்றும் இல்லை என்ற நிலை உங்களுக்குப் பெரிய சாதகம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசும்போதும் நிறுவன அதிகாரி முதலில் புரட்டுவது குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலைத்தான். அதில் தொடர்பில்லாத ஒருவர் பெயர் இருந்தால் பேரத்தின் தொனியே மாறும்.

காலக்கெடு: விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று 166(3) பிரிவு 2022 ஏப்ரல் முதல் சொல்கிறது. அந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். தம்பியின் சிகிச்சை முடியட்டும், ஊனச் சான்றிதழ் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மனுவைத் தாக்கல் செய்து எண் வாங்கி வைத்துவிட்டு அவற்றைப் பிறகு தாக்கல் செய்யலாம். இந்த வாரம் செய்ய வேண்டியது கேமராப் பதிவு, ஆட்டோ ஓட்டுநரின் முழுப் பெயரும் உரிம எண்ணும், புலனாய்வுப் பிரிவுக்குக் கடிதம். இளநீர்க் கடைக்கு நண்பனை அனுப்ப வேண்டாம், வீட்டுப் பெரியவர் ஒருவர் போகட்டும். வாக்கு எதுவும் கேட்காமல், அன்று என்ன பார்த்தார் என்பதை மட்டும் கேட்டுவிட்டு வரட்டும்.